வர்ஷினி பேசுகிறேன்

பகல் முழுக்க என் பெயர் வர்ஷினி.
அஜ்மானில், ஒரு டயர் கடைக்கு மேலே,
ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில்
பதினோரு பேர் தட்டிக்கொண்டிருக்கிறோம்.
விசாவில் தொழில்: டேட்டா என்ட்ரி.
பாஸ்போர்ட் டீம் லீடரின் இழுப்பறையில்.

தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.
தமிழில் தோற்பவர்கள் எல்லோரும்
என்னிடம்தான் வருவார்கள்.
‘சார், சாப்பிட்டீங்களா?’ என்று தொடங்கவேண்டும்.
அந்த ஒரு கேள்விக்கே
பாதிப் பேர் சம்பளத் தேதியைச் சொல்லிவிடுகிறார்கள்.
இந்த ஊரில் அதைக் கேட்க அவர்களுக்கு ஆளில்லை.

முதல் வாரம் ஜெயிக்க விடுவோம்.
இருநூறு திர்ஹம் நிஜமாகவே போய்ச் சேரும்.
அதில் பிரியாணி வாங்கி அறைக்கே போடுவான்,
அறையே ஆப்பை இறக்கிக்கொள்ளும்.
அதன்பின் சீட்டு எங்கள் பேச்சைக் கேட்கும்.
எதிரே உட்கார்ந்து ஆடும் ‘கோவை கிங்’,
‘தேனி டைகர்’, வம்பிழுக்கும் ‘சுமி 96’,
யாருக்கும் கை கிடையாது.

தோற்றே போனால் ஓடிவிடுவான் என்பதால்
கடைசியில் திரையில் ஒரு பெரிய தொகை காட்டுவோம்.
நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபது.
எண் காட்டச் செலவில்லை.
எடுக்கப் போனால் வரி.
வரி கட்டினால் சரிபார்ப்புக் கட்டணம்.
அதையும் கட்டினால், தாமதத்துக்கு அபராதம்.

இரவு வேலையைப் போனில்
கட்டிலுக்கே கொண்டுபோகச் சொன்னார்கள்.
நுவைமியாவில் எட்டுப் பேர் அறை.
கீழ்க்கட்டில் எனக்கு. மேலே அடைக்கலம்,
ஹம்ரியாவில் வெல்டர்,
சட்டையெல்லாம் பொறி தின்ற ஓட்டை.
அன்று சாயங்காலம்தான், குப்பூஸைப் பிய்த்துக்கொண்டே,
‘ஆயிரத்தெண்ணூறு இருக்குமா?
மாமனாருக்குக் கண் ஆபரேஷன்’ என்றான்.
பார்க்கலாம் என்றேன்.

மணி ஒன்றேகால். கணக்கு எண் 70318.
‘சார், ஆயிரத்தெண்ணூறு கட்டிட்டா
நாளைக்கே முழுப் பணமும்’ என்று அனுப்பினேன்.
தலைக்கு மேல் டிங்.
ஏசி இரைச்சலில் ஏதோ என்று நினைத்தேன்.
‘சார்?’
டிங்.
வெறும் ஒரு புள்ளியை அனுப்பிப் பார்த்தேன்.
டிங்.

மேல் பலகை முனகியது. பதில் வந்தது:
‘இன்னும் தூங்கலியா வர்ஷினி மேடம்?
ரூம்ல ஒரு பையன்கிட்ட கேட்டிருக்கேன்.
நல்ல பையன். தருவான்.’

எவ்வளவு நேரம் அந்த வரியைப் பார்த்தேனோ.
பிறகு, மனப்பாடத்தில் இல்லாத தமிழில் எழுதினேன்:
கட்டாதீங்க. அந்தப் பணம் எங்கேயும் இல்லை.
பணத்தை எடுக்கவே பணம் கேட்கிற இடத்தில்
எடுக்க எதுவும் இருக்காது.
இதுவரை பேசினதெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.
இப்பவே பேங்குக்குப் பேசி கார்டை முடக்குங்க.
ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீங்க, நான் கேட்டாலும்.
போலீசுக்குப் போகப் பயமா இருக்கும்.
அந்தப் பயத்தை நம்பித்தான் இங்கே கடையே வச்சிருக்கோம்.

டிங், டிங் என்று மேலே விழுந்துகொண்டே இருந்தது.
பிறகு அவன் தட்டும் சத்தம்.
‘நீ வர்ஷினி இல்ல.
எவனோ அந்தப் பொண்ணு ஐடியைத் திருடிட்ட.
உங்க மேனேஜருக்கே புகார் அனுப்பிட்டேன்.’

புகார்ப் பெட்டியைக் காலை ஒன்பதுக்கு
டீம் லீடர் திறப்பார்.

எழுந்தேன். ஏணியின் இரண்டாவது படி.
அவன் முகத்தில் பச்சை வெளிச்சம்,
எங்கள் சீட்டு மேசையின் அதே பச்சை.
‘என்னடா, காசு ரெடியா?’

எவ்வளவோ சொல்ல இருந்தது.
‘சாப்பிட்டியா?’ என்றுதான் வாயில் வந்தது.
எனக்கு இப்போதெல்லாம்
அப்படித்தான் தொடங்க வருகிறது.

என் போனை அவன் கண்ணுக்கு நேரே பிடித்து
ஒரு புள்ளி தட்டினேன்.

தன் போனைப் பார்த்தான்.
என் போனைப் பார்த்தான்.
என்னைப் பார்க்க
வெகுநேரம் ஆயிற்று.