நெற்றியில் ஒரு காடி

பக்கத்து வீட்டுக் குழந்தை அழுததை
மொபைலில் பிடித்து வைத்திருக்கிறாள் அழகுமீனா.
ஏழு நிமிடம், பதினாறு நொடி.
ராத்திரி மூன்று மணிக்கு
என் காதருகே வைத்து ஓடவிடுகிறாள்.
"பழகிக்கங்க."
ஆறாம் மாதத்து வயிறு
சிரிப்பில் குலுங்குகிறது.

முதல் நாள் தலையணையை எறிந்தேன்.
சுவரில் பட்டு விழுந்த சத்தம்
மெத்தென்றுதான் இருந்தது.
எனக்குக் கேட்டது எவர்சில்வர் தட்டு.
விளாங்குடி வீட்டில்
அப்பா வீசிய தட்டு;
எத்தனை முறை வெள்ளையடித்தும்
மேலே வந்துகொண்டே இருந்த குழம்புக் கறை.
அழகுமீனாவின் சிரிப்பு நின்றிருந்தது.
தலையணையை எடுத்துத் தூசி தட்டினாள்.
அதில் தூசி ஒன்றும் இல்லை.

எனக்குப் பொறுமை உண்டென்றே நினைத்திருந்தேன்.
மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவன்.
எல்லீஸ் நகரில் எத்தனை மாடிப்படி,
எத்தனை நாய்,
"போன தடவை இவ்வளவு வரலையே" என்று
எத்தனை வாய்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வருவேன்.
சட்டையோடு சேர்த்து
வீட்டில் கழற்றி மாட்டிவிடுகிற பொறுமை அது
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிறுகளில் முத்துப்பட்டி மலைக்குப் போகிறேன்.
பாறைக்கு அடியில்
வரிசையாகக் கல்லில் செதுக்கிய படுக்கைகள்.
வீடு வேண்டாம், பிள்ளை வேண்டாம்,
உடம்பே வேண்டாம் என்று வந்தவர்கள்
படுத்துக் கிடந்த இடம்.
அதில் ஒன்றில்
பிள்ளைக்காக நான் படுக்கிறேன்.
மன்னிக்க வேண்டும்.
தலைமாட்டில் கல்லை லேசாக உயர்த்தி விட்டிருக்கிறார்கள்.
துறந்தவர்களுக்கும் கழுத்து வலித்திருக்கும் போல.
அந்த ஒரு விரல் உயரம்
எனக்குப் பெரிய ஆறுதல்.

முதல் வாரம் ஐந்து நிமிடம். எறும்பு.
அடுத்த வாரம் பத்து.
ஆடு ஓட்டி வந்த பையன் எட்டிப் பார்த்து
"அண்ணே, உயிரோடதான இருக்கீங்க?" என்றான்.
மூன்றாம் வாரம்
அமைதி வருமென்று காத்திருந்தேன்,
பசிதான் வந்தது.

ஐப்பசியில் ஒருநாள்
படுத்திருக்கும்போதே மழை பிடித்தது.
பாறை முழுக்க வழிந்து
என்னை நோக்கி இறங்கியது தண்ணீர்.
எழுந்து ஓடப் பார்த்தேன்.
ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.
பாறையின் நெற்றியில் யாரோ
உளியால் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறான்.
அதுவரை வந்த தண்ணீர்
அங்கே தயங்கி
வெளியே சொட்டியது.
மழையை யாரும் நிறுத்தவில்லை.
எத்தனை நாள் வெட்டினானோ,
என்றைக்கோ வந்து படுக்கப்போகிற யாருக்காகவோ.

பேன்ட் நனைய இறங்கி வந்து அவளிடம் சொன்னேன்.
"சரி, நீங்க எப்ப வெட்டப் போறீங்க?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காளவாசலில்
ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம் கத்தினேன்.
கத்தி முடித்தபின் கையைப் பார்த்தேன்.
அப்பாவின் கை.
நகம்கூட அதே நகம்.

நேற்று மூன்று மணி.
அழுகை தொடங்கியது.
எறிந்தேனே, அதே தலையணையைத்
தோளில் போட்டுக்கொண்டு
கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நடந்தேன்.
நாலாவது நிமிடத்தில் பல்லைக் கடித்தேன்.
ஐந்தில் ஜன்னலோரம் நின்று
மூச்சைத் தெருப்பக்கம் விட்டேன்.
ஆறில்
அந்த அழுகைக்குள் சின்னதாக ஒரு விக்கல்.
இத்தனை நாள் அது என் காதில் விழவில்லை.
பிறகு பதிவு சட்டென்று அறுந்தது.

அழகுமீனா தூங்கிப் போயிருந்தாள்.
நான் இன்னும் தட்டிக்கொண்டிருந்தேன்,
பஞ்சை.

அப்புறம் யார் வந்து தூக்கினார்கள் அதை?
தண்ணீர் கொடுத்தார்களா?
விடிந்ததும் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும்.