வளர்நிலையில்

மொகொட்லோங் மாவட்ட அலுவலகத்தில்
ஐந்து நாள் பயிற்சி.
மதியம் கோழியும் மக்காச்சோளக் களியும்.
பேருந்துக் காசு பிறகு வரும் என்றார்கள்.

மசேருவிலிருந்து வந்த இளைஞர்
திரையில் ஒரு வட்டம் போட்டார்.
இனிமேல் வகுப்பின் மையம் ஆசிரியர் இல்லை,
குழந்தை, என்றார்.
எழுதிக்கொண்டோம்.
மின்சாரம் போனது,
வட்டமும் போனது.

நான் வேலைக்குச் சேர்ந்தபின்
இது மூன்றாவது பாடத்திட்டம்.
முதலாவதின் புத்தகங்கள்
உடைந்த சன்னலை அடைத்துக்கொண்டிருக்கின்றன.
இரண்டாவதின் புத்தகங்கள்
இன்னும் மலையேறி வரவில்லை.

என் வகுப்பின் மையம் அடுப்பு.
மே பிறந்தால் ஆளுக்கொரு வறட்டி.
வாசலில் அடுக்கி எண்ணிவிட்டால்
அதுதான் வருகைப் பதிவு.
மூன்று வகுப்பு, ஒரே அறை,
பெயர்ப் பட்டியலில் எண்பத்து மூன்று பேர்.
குழுவாக உட்கார வையுங்கள் என்கிறது கையேடு.
குளிர் எப்போதோ உட்கார வைத்துவிட்டது.

செகோன்யானா வாரத்தில் இரண்டு நாள் வருவான்.
மீதி நாளெல்லாம் யாருடையவோ ஆடுகள்.
போர்வையைக் கழற்றமாட்டான்,
உள்ளே சட்டை கிடையாது.
சீருடை பற்றிய பத்தியை
அவனுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை.

புதிய படிவம் பச்சை நிறம்,
பிள்ளைக்கு நான்கு பக்கம்.
நூறு வரை எண்ணுகிறார்:
ஆம். இல்லை. வளர்நிலையில்.

எண்ணு, என்றேன்.
எதை?
இங்கே இருப்பவர்களை.

ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.
வாய் அசையவில்லை, விரல் மடங்கவில்லை.
கெனெய்லோ இல்லை, என்றான்.
அவள் தம்பி இருக்கிறான்,
ஆனால் அவளுடைய போர்வையில்.

எழுந்து வாசலுக்குப் போனேன்.
எழுபத்தொரு வறட்டி.
காலையில் நான் எழுதியதும் எழுபத்தொன்று.
தம்பியைக் கேட்டேன்,
அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான்:
அக்காவுக்கும் சேர்த்து
இரண்டு கொண்டுவந்தேன்.
நேற்றும்.
முந்தாநாளும்.

எழுபத்தொன்றை அடித்து
எழுபது என்று திருத்தினேன்.
கேள்வி உண்டா என்று அந்த இளைஞர்
இரண்டு தரம் கேட்டார், பயிற்சி முடிந்த அன்று.
கோழிக்குழம்பின் மணம் வந்துகொண்டிருந்தது,
யாரும் கை தூக்கவில்லை,
நானும்.

வளர்நிலையில் என்ற கட்டத்தில்
குறி போட்டுவிட்டேன்.
பெயர் எழுதும் கோடு
இன்னும் காலியாக இருக்கிறது.

கெனெய்லோ வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
வழி தெரியுமா என்றேன்.
செகோன்யானா போர்வையை இழுத்துக் குத்தி
ஏற்கெனவே கதவருகே நின்றான்.
மணி இரண்டே கால்தான்.
இப்போதே பள்ளியை விட்டால்
இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.