அரைப்பேர்

பையைக் கட்டி வைத்துவிட்டேன்.
இரண்டு சேலை, சேமலாப நிதிக் கடுதாசி,
மகள் கேட்ட தோட்டத்துத் தூள் ஒரு கிலோ.
வத்தளையில் அவள் வீட்டுக்குப் பின்னால்
கடல் இருக்கிறதாம்.
ஐம்பத்தாறு வயதுக்கு
நான் பார்த்த பெரிய தண்ணீர்
மஸ்கெலியா அணைதான்.

வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ்.
புதன் இரவு நீர் கூப்பிட்டீர்.

இடி இல்லை, வெளிச்சம் இல்லை.
பீலித் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே
தொங்கல் காம்பராவிலிருந்து ஓர் இருமல்.
அவ்வளவுதான்.
ஆனால் அந்த இருமலுக்குள்
என் பேர் இருந்தது.

கம்பளியை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஆண்டவரே, அது யாரென்று தெரியுந்தானே?
வீரமலைக் கணக்கப்பிள்ளை.
பெண்சாதி செத்து, மகன்மார் கடை கண்ணி என்று போய்,
குவாட்டஸைத் தோட்டம் திருப்பி எடுத்துக்கொள்ள,
வாதம் இழுத்த உடம்போடு
எங்கள் லயத்திலேயே வந்து விழுந்த மனுஷன்.

வறட்சியில் அணை வற்றினால்
முழுகின கோயில் தலை காட்டும்.
எனக்கு அந்த ஒரு நாள்
மழைக்காலத்திலும் தலை காட்டும்.

ஏழாம் நம்பர் மலை.
பிள்ளைக் காம்பராவில் என் சின்னவனுக்குச் சுரம்.
"போறேங்கையா" என்றேன்.
"போனா அரைப்பேர்" என்றார்,
செக்ரோலிலிருந்து தலையைத் தூக்காமல்.
அரிசிக் கடன் இருந்தது. நின்றேன்.
நாலரைக்குக் கொழுந்து நிறுத்து
கூடையோடு இறங்கி ஓடியபோது
பிள்ளைக்குச் சுரம் இல்லை.
ஒன்றுமே இல்லை.

சம்பளத்தன்று பார்த்தேன்.
இரண்டு கிலோ குறைவாம்.
அந்த நாளுக்கும் அரைப்பேர்தான்.

இதையெல்லாம் நீர் எழுதி வைத்திருப்பீர் என்றுதானே
இருபத்தெட்டு வருஷம் மெழுகுதிரி கொளுத்தினேன்?
கோயில் சபையில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்,
அவர்களைக் கூப்பிடும்.
ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில்
சாமியார் வருகிறாரே, அவரைக் கூப்பிடும்.
எனக்கு பஸ் இருக்கிறது.

நீர் பதில் பேசவில்லை.
இருமல் நின்றது.
அது இன்னும் மோசமாக இருந்தது.

மாட்டேன் என்று எழுந்தேன்.
மாட்டேன் என்று அடுப்பை மூட்டினேன்.
மாட்டேன், மாட்டேன் என்று
சுடுதண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு
பதினொரு கதவு தாண்டினேன்.
மனம் வரவில்லை, கால்தான் போனது.
காலைத்தான் கேட்டீரோ?

ஒரு பக்கம் செத்த உடம்பு
நினைத்ததைவிடப் பாரம்.
புரட்டினேன். துடைத்தேன்.
சாக்கை மாற்றினேன்.
எழுதின அந்தக் கைக்கு வந்தபோது
கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தேன்.
மறைக்கவில்லை, நீர் பார்த்தீர்.

கோணிய வாயால் கேட்டார்: "யா...ரு?"

ஏழாம் நம்பர் மலை அவரிடம் இல்லை.
சுரம் இல்லை. என் பிள்ளை இல்லை.
மன்னிப்புக் கேட்க
அங்கே ஆளே இல்லை.

"சலேத்மேரி" என்றேன்,
முழுதாக.

வெள்ளிக்கிழமை
பஸ் கீழ்ப்பாதையில் ஹோர்ன் அடித்துப் போனது.
மகள் போனில் அழுதாள்,
"ஒங்களுக்குப் பைத்தியமாம்மா?"
இருக்கலாம் என்றேன்.

கீழ்ப்படிந்தால் சமாதானம் வரும் என்று
பிரசங்கத்தில் சொல்வார்கள்.
இதுவரை இடுப்பு வலிதான் வந்திருக்கிறது.
கடல் எனக்கு இன்னும் வேண்டும்,
அதை நான் விட்டுத்தரவில்லை.
பை கட்டினபடியே இருக்கிறது.
தூளை மட்டும் பிரித்தேன்,
அவருக்குச் சாயம் ஊற்ற.

நாளைக்கும் போவேன், ஆண்டவரே.
அரை மனசோடுதான்.
நீரும்
அரைப்பேர் போட்டுக்கொள்ளும்.