செவ்வாய்க்கிழமை கோத்த தலைப்பு

பதினோரு வயதில் எனக்கு
எந்த எழுத்தையும் புரட்டிப் படிக்கத் தெரியும்.
லூசியானாவில், கரும்பாலைப் புகைக்கும் சதுப்புக்கும் நடுவே
நாலாயிரம் பேருக்கு ஒரு வாரப் பத்திரிகை;
அதற்கு அச்சுக்கோப்பவர் அப்பா, ஆல்சிட் ப்ரூசார்.
பள்ளி விட்டால் நேரே அச்சகம்.
ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்துப் போடுவேன்.
பி-யையும் க்யூ-வையும் மாற்றிப் போட்டால்
விரல் கணுவில் ஒரு தட்டு.
"எழுத்து பொய் சொல்லாது பெண்ணே" என்பார்.
நம்பினேன்.

மார்ச்சில் சர்க்கரைக் கிடங்கு எரிந்தது.
கூலிபாக்கிக்காகத் தீ வைத்தான் என்று
ஆன்செல்ம் பத்தீஸைப் பிடித்துப் போனார்கள்.
கறுப்பர் தெருவின் கடைசி வீடு.
இயந்திரம் இருமினால்
காது வைத்தே நோய் சொல்பவர்.

கிடங்கு எரிந்த இரவு
அவர் எங்கள் அச்சகத்தில் இருந்தார்.
பல்சக்கரம் உடைந்திருந்தது. விடிந்தால் பத்திரிகை.
நான் விளக்குப் பிடித்தேன்.
வானம் சிவந்தபோது
மூன்று பேரும் சேர்ந்துதான் ஜன்னலுக்கு ஓடினோம்.
"மழை வானம் இப்படிச் சிவக்காதே" என்றார்,
கையில் எண்ணெய்க் குப்பியோடு.

விசாரணைக்கு அப்பாவைக் கூப்பிடவில்லை.
அப்பாவும் போகவில்லை.
ஏன் என்று கேட்டேன்.
அவர் சூப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.
"ஆலை விளம்பரம் நின்றுபோனால் எதைத் தின்பது?"
அம்மாதான் பதில் சொன்னாள்.
போகட்டும், பன்னிரண்டு ஜூரிகள் இருக்கிறார்களே
என்று தேற்றிக்கொண்டேன்.
பன்னிரண்டு பெரியவர்கள்.
ஒருவர் எனக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தவர்.

தீர்ப்பு புதன்கிழமை.

செவ்வாய் இரவு
சிதறிய கமாக்களைப் பொறுக்கப் போய்
மேசைத் துணியைத் தூக்கினேன்.
இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்டி,
மைக்குத் தயாராக
முதல் பக்கத் தலைப்பு புரண்டு கிடந்தது.
எனக்குத்தான் புரட்டிப் படிக்க வருமே.

குற்றவாளி.

யார் தலையெழுத்தையும் யாரும் பார்த்ததில்லை என்பார்கள்.
நான் பார்த்தேன்.
நாற்பத்தெட்டு பாயிண்ட். ஈயம்.
இடைவெளி பிசகாத, அப்பாவின் அழகான கோப்பு.

பூட்டைத் தளர்த்தி ஒன்றை உருவினேன்.
எங்கள் மொழியில் அது ஆறெழுத்துச் சொல்;
நடுவில் இருந்த ஒல்லி உயிரெழுத்து
என் ஷூவுக்குள் அடங்கியது.
அது இல்லாவிட்டால் சொல் இல்லை,
சொல் இல்லாவிட்டால் பத்திரிகை இல்லை,
பத்திரிகை இல்லாவிட்டால்...
அந்த வயதின் கணக்கு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பத்திரிகை நேரத்துக்கு வந்தது.
நடுவில் ஓர் எழுத்து மட்டும் கொஞ்சம் குட்டை,
வேறு பெட்டியிலிருந்து எடுத்து முட்டுக்கொடுத்தது.
ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்றிரவு அப்பா நெடுநேரம்
மண்ணெண்ணெயில் கை கழுவினார்.
நான் நொண்டி நடப்பதைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

நொண்டிக்கொண்டே போய்ப் படுத்தேன்.
நீதிமன்றம் அச்சகத்திலிருந்து இரண்டு தெருதான்.
விளக்குப் பிடித்தவள் நான்.
நானும் யாரிடமும் சொல்லவில்லை.