இடது பூட்ஸ்

திறந்த புதிதில் அனிலினுக்கு நிறமே இல்லை.
வெளிச்சம் பட்டால் பழுக்கும்,
தேயிலைத் தண்ணீராய், பிறகு துருவாய்.
கெட்டுப்போன மீன் வாடை என்பான் ஒருவன்,
இனிக்கிறது என்பான் இன்னொருவன்.
மூன்றாம் வாரம் இருவருக்கும் எதுவும் மணக்காது.
அந்த மூன்றாம் வாரத்துக்குத்தான் நான் பயப்படுவேன்.

வூச் நகருக்கு வடக்கே சாயத் தொழிற்சாலை.
பிப்ரவரி. ஜன்னலின் உள்பக்கமும் பனி.
முதலுதவி அறையில் இரவு ஷிஃப்டுக்கு நான், வியெஸ்வாவா.
ஒரு கெட்டில், ஒரு கட்டில்,
பூட்டிய அலமாரி. சாவி என் கழுத்தில்.

இரண்டு மணிக்கு ஸெனோன் வந்தான்.
தலை வலிக்கிறது, ஒரு மாத்திரை கொடு, போய்விடுகிறேன் என்றான்.
முந்தின நாள் அவன் மச்சானின் பெயர்நாள் விருந்து.
ஓட்காதான் என்று நானும் நினைத்தேன்.
நினைத்தபடியே மாத்திரையை எடுத்துத் திரும்பினால்
விளக்கடியில் அவன் உதடு.

காட்டுப் பெர்ரி தின்ற பிள்ளையின் வாய் போல.
பிப்ரவரியில் எவன் பெர்ரி தின்பான்?

குளிர் என்றான்.
நகத்தைக் காட்டு என்றேன். சிலேட்டு.
எங்கே பட்டது?
எங்கேயும் இல்லை. கையுறை போட்டேன், கண்ணாடி போட்டேன்,
முகமூடிகூடப் போட்டேன், போர்மனைக் கேள்.
பம்புக்கடியில் கொஞ்சம் சொட்டியது, பூட்ஸ் மேல்.
துடைத்துவிட்டேன்.
எப்போது?
பதினொன்றுக்கு.

மூன்று மணி நேரம்
மாட்டுத்தோல் குடித்துக் குடித்து
மனிதத்தோலுக்கு ஊட்டியிருக்கிறது.

உடுப்பு முழுவதையும் கழற்றினேன்.
சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், விரலிடுக்கு, நகக்கண்.
நடுங்கிக்கொண்டே வெந்நீர் கேட்டான். தரவில்லை.
வெந்நீர், தோலின் கதவை இன்னும் அகலத் திறந்துவிடும்.
ஆக்சிஜன் வைத்தேன்.
வடிதாளில் அவன் ரத்தம் ஒரு சொட்டு,
பக்கத்தில் என் ரத்தம் ஒரு சொட்டு.
விசிறியதில் என்னுடையது சிவந்தது.
அவனுடையது சாக்லேட்டாகவே கிடந்தது,
காற்றைக் கண்டும் காணாதது போல.

நைட்கவுனுக்கு மேல் கோட்டு மாட்டி வந்தார் டாக்டர் தெக்லா.
சாவி கொடு என்றார்.
மெத்திலீன் நீலம்.
அதுவும் சாயம்தான். அனிலினின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.
ஒரு சதவீதக் கரைசல், நரம்பு வழியாக, மெதுவாக,
ஐந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தபடி.
அளவு மிஞ்சினால் பேரனும் தாத்தாவின் வேலையையே செய்வான்.

நீலம் பாரித்த மனிதனுக்குள் நீலம் ஏறியது.
முக்கால் மணி நேரத்தில் உதடு உதடானது.

விடியற்காலையில் கழிப்பறையிலிருந்து ஒரு கூச்சல்:
பச்சையாப் போகுது! வந்து பாருங்கடா!
பாதி ஷிஃப்ட் ஓடிப்போய்ப் பார்த்தது.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
அப்புறம்தான் உட்கார இடம் தேடினேன்.

பூட்ஸை எரிக்க வேண்டும் என்றதும் அவன் முகம் மாறியது.
ஐந்து மணி நேரம் வரிசையில் நின்று வாங்கியது.
ஹீட்டர் மேல் வைத்தால் காய்ந்துவிடாதா?
காயும். நாளைக்கு மறுபடி ஊட்டும்.
அப்படியென்றால் வலதை விடு, அதில் சொட்டவில்லையே.
இடதை மட்டும் உலைக்கு அனுப்பினேன்.
வலதை ஏன் விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.
அதை அவன் அக்குளில் இடுக்கிக்கொண்டு
என் பழைய செருப்பில் பனியில் வீட்டுக்குப் போனான்.

காரணம் என்ற கட்டத்தில்
மது என்று எழுதச் சொன்னார் போர்மன் புரோனிஸ்வாவ்.
ஓட்கா அந்த நஞ்சை முடுக்கும், மறுக்கவில்லை.
ஆனால் பம்பிலிருந்து சொட்டியது ஓட்கா இல்லை.
நான் எழுதினேன்:
ரப்பர் பூட்ஸ், அளவு நாற்பத்தாறு, கிடங்கில் இல்லை.
டிசம்பரிலேயே கேட்டாயிற்று. இரண்டு முறை.

ஏப்ரலில் வந்தது.
நாற்பத்திநாலு.