கோலிக்குண்டு

இரவு இரண்டு மணிக்கு
மேல்வீட்டில் ஒரு கோலிக்குண்டு விழும்.
டக். டக்டக். பிறகு உருளும்
என் தலைமாட்டிலிருந்து குளியலறைச் சுவர்வரை.

மூன்று மாதத்தில் அந்தப் பையன்
எனக்கு நன்றாகப் பழகிவிட்டான்.
ஏழு வயது. முன்பல் இல்லை. அதட்டாத அம்மா.
நகர மன்றத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன்,
இரண்டிலும் அவனுக்கு வயது ஏழுதான்.

ஒரு சனிக்கிழமை படியேறிப் போனேன்.
கதவைத் திறந்தார் புவான் ரொக்கையா,
முழங்காலில் கட்டு, கையில் பாதி உரித்த வெங்காயம்.
"பையனா? இங்கே நானும் பூனையும்தான்.
எனக்கும் கேட்கும்.
மேலே லோ வீட்டில் மாஜோங் என்று நினைத்திருந்தேன்."

லோ வீடு கடைசி மாடி.
அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டியும் பிடோக் வானமும்.
குழாய்க்குள் காற்று என்றார் லோ.
அவர் மனைவி கதவை ஒருக்களித்து,
ஏழாம் மாதத்தில்தான் கூடுதல் என்றார்.

இறங்கி வந்தால் என் கதவருகே
கீழ்வீட்டு நிறைமதி,
செருப்பைக் கழற்றாமல், தயங்கித் தயங்கி:
"அக்கா, உங்கள் பிள்ளையை ராத்திரியில் கொஞ்சம்..."

பிள்ளை இல்லை.
பதினோரு வருடமாக இல்லை.
அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"பையனா, பெண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.
"பெண்தான்," என்றாள் யோசிக்காமல்,
"ஓடும்போது கொலுசு கேட்குமே."

அன்றிரவு விளக்குப் போடாமல்
நானும் கணவரும் காத்திருந்தோம்.
விழுந்தது.
"குழாய்," என்றார் அவர்.
இருக்கலாம் என்றேன்.
குப்புறப் படுத்து
தரையில் காதை வைத்தேன்,
கொலுசுக்கு.