ஸ்டிக்கர்

திட்டத்தை மூடியாச்சு என்று
சங்கரவடிவு வந்து சொன்னபோது
அவர்களுக்கு அடித்த ஆயிரம் சளிக்குப்பி லேபிளில்
மை காயவில்லை.
பாக்கி நாலாயிரத்து எழுநூறு. கேட்கவில்லை.
அவளுக்கே மூன்று மாசச் சம்பளம் நிற்கிறது.

களக்காட்டிலிருந்து திசையன்விளை வரை
இருமுகிறவர்களையெல்லாம்
வீட்டு நாயின் பெயரோடு தெரியும் அவளுக்கு.
ஸ்கூட்டியைத் திருப்பிக் கொடுக்கணுமாம்,
முன்னால் ஒட்டியிருக்கும் கைகுலுக்கலைச்
சுரண்டிவிட்டு.
மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தோம்.
ஒரு கை வந்துவிட்டது.
மற்றது நீட்டியபடியே நிற்கிறது.

சமாதானபுரத்து வெயில்.
உள்ளே மிஷினில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தது.
தூத்துக்குடியில் கப்பலேறி
மலாவிக்குப் போகும் கைப்பம்புகளுக்கு
'இந்திய மக்களின் அன்பளிப்பு',
ஐயாயிரம், மூன்று கலர்.
முன்பணம் முழுசாக வந்தாச்சு.

அவள் ஒன்றை உரித்து
வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
"கொடுக்கிற ஆளாயிட்டமா அண்ணாச்சி?"
"அப்படித்தான் போல."
விரலில் ஒட்டிக்கொண்டதை
உதறி உதறிப் பார்த்தாள்.

"நல்லதுதான்.
பசையை மட்டும் கொஞ்சம் கம்மியாப் போடுங்க.
அங்கனயும் ஒருநா
ஒருத்தி சுரண்டணும்லா."